செவலை விட்டுவைத்த செடி

அந்தக் காலத்தில் ஆடுகள் வாயைத் திறந்தால் பேச்சு, மூடினால் மேய்ச்சல் என்று இருந்தன. மலையடிக் காட்டில் ஆடு மேய்த்த இருளாயியிடம் செவலை என்றொரு வெள்ளாடு இருந்தது. எருக்கந்தழையைக்கூட விட்டுவைக்காத வாய் அதற்கு.

கரிய இறகும் சிவந்த உடம்புமான ஒரு வண்ணத்துப்பூச்சியும் அந்தக் காட்டில் வாழ்ந்தது. தரையோடு படரும் பாளைச்செடி ஒன்றில்தான் அது முட்டையிடும். செவலைக்கோ அந்தச் செடி கற்கண்டு. முட்டையோடும் புழுவோடும் சேர்த்து மென்றுவிடும். "மேயுற வாயை அடக்குனா பால் எப்பிடி ஊறும்?" என்று இருளாயியும் விட்டுவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு பூச்சிதான் மிஞ்சியது.

ஒரு வருஷம் மழை பொய்த்து ஓடை காய்ந்தது. அந்த நேரம் பார்த்துச் செவலை குட்டி போட்டது. மடியில் பால் இல்லை.

"தண்ணி குடிச்சாத்தானே ஆத்தா பால் சுரக்கும்? என் குட்டி பொழுது சாயிறவரைக்கும் தாங்காது" என்று அழுதது.

அந்தப் பூச்சி ஈரமண்ணில் உட்கார்ந்து உறிஞ்சுவதை இருளாயி பார்த்திருக்கிறாள். "அதைக் கண்டுபிடிச்சா தண்ணியக் கண்டுபிடிச்ச மாதிரிடி" என்று குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இருவரும் புதர் புதராகத் தேடினார்கள். உச்சிப்பொழுதில், காய்ந்த ஓடையின் வளைவில் அது உட்கார்ந்திருந்தது. ஆட்டைக் கண்டதும் இறகை விரித்தது.

"நீ தின்னதெல்லாம் என் பிள்ளைங்க" என்றது.

செவலை தலையைத் தொங்கப் போட்டது. "தெரியாமத் தின்னேன்னு பொய் சொல்ல மாட்டேன். ருசியா இருந்துச்சு, தின்னேன். இந்தப் பச்சப்புள்ள என்ன செஞ்சுது?"

பூச்சி குட்டியைப் பார்த்தது. பறந்து போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு முழம் தள்ளிப்போய் உட்கார்ந்து, "இங்க தோண்டுங்க. இங்கதான் ஈரம் அதிகம்" என்றது.

இருளாயி கையாலேயே தோண்டினாள். முழங்கை ஆழத்தில் ஊற்று கண் திறந்தது. செவலை வயிறு முட்டக் குடித்தது. அந்திக்குள் குட்டியும் முட்டி முட்டிப் பால் குடித்தது.

"உனக்கு நான் என்ன செய்யட்டும் தாயீ?" என்று கேட்டது செவலை.

"வயித்துல முட்டை இருக்கு. காட்டுல ஒரே ஒரு செடிதான் பாக்கி."

"அந்தச் செடிய நான் தொட மாட்டேன். என் குட்டி தொடாது. அதோட குட்டியும் தொடாது."

மழை வந்தது. இருளாயி ஆடு மேய்த்துக்கொண்டே அந்தப் பூச்சிகளையும் தேடினாள். முதல் வருஷம் ஓடைக்கரையில் இரண்டு. மறுவருஷம் கணவாய்வரை. அதற்கடுத்த வருஷம் மலைக்கு அந்தப் பக்கத்து ஆடு மேய்ப்பவர்கள், "எங்க காட்டுக்கும் வந்துருச்சு" என்றபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று முதல்தான், கண்டதையெல்லாம் கடிக்கிற ஆடு அந்தச் செடியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. ஆடுதீண்டாப்பாளை என்று அதற்குப் பெயரும் வந்தது. எவ்வளவு பசித்தாலும் எந்த ஆடும் இன்றுவரை அதில் வாய் வைப்பதில்லை.