கடைசி சைக்கிள்

ஆவுடையம்மாளிடம் சைக்கிள் கற்றுக்கொள்ள ஒருவர் வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தொன்பது. சைக்கிள் அவருக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். பஸ்ஸும் ஓட்டத் தெரியும். முப்பத்தொரு வருஷம் திருநெல்வேலியிலிருந்து தாமிரபரணியை ஒட்டித்தான் அவர் பஸ் போய்வந்தது. இனிமேல் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள்.

பெயர் சிவனணைந்தபெருமாள். கூப்பிடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கக் கூடாதென்று பெருமாள் என்று சுருங்கிவிட்டது.

ஆவுடையம்மாள் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் எல்லோரையும் போல அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார். ஆவுடையக்கா அவரை 'அண்ணாச்சி' என்றார். சீடருக்குக் குரு அக்கா, குருவுக்குச் சீடர் அண்ணன். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

மாதம் ஒரு முறை ஆவுடையக்கா சிலரைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவார். ஆறு மலையிறங்கும் பாபநாசத்தில் தொடங்கி, கடலில் சேரும் புன்னைக்காயல் வரை, கரையோரமாகவே சைக்கிளில் ஐந்து நாள். பஸ்ஸில் அரை நாள்தானே என்று கேட்கிறவர்களை அவர் சேர்த்துக்கொள்வதில்லை.

சட்டம் ஒன்றே ஒன்று. இருப்பவர்களில் யார் மெதுவோ அவர் முதலில் போக வேண்டும். கூட்டிப்போகிறவர் கடைசியில் வர வேண்டும். யாரும் யாரையும் முந்தக் கூடாது.

முதல் தடவை பெருமாள் எல்லோரையும் முந்திக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஆவுடையக்கா வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை சீவலப்பேரி வரை பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அப்புறம், "முன்னால போயி எல்லாருக்கும் மோர் சொல்லி வைக்கேன்" என்று கிளம்பிவிட்டார். மோரைக் குடித்துவிட்டு மறுபடியும் அவரை வீட்டுக்கு அனுப்பினார் ஆவுடையக்கா.

மூன்றாம் தடவையும் வந்து நின்றார். எதற்கு இத்தனை பிடிவாதம் என்றால் காரணம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் அறுபது பேர் இருந்தார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் ஒருவரும் இல்லை. அந்த வெறுமை அவரைத் தின்றது. யாரையாவது பத்திரமாக ஓர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"அக்கா, கூட்டிட்டுப் போற வேலையை எனக்குத் தருவீயளா?"

ஆவுடையக்காவுக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. மாதக் கடைசியில் முட்டியில் ஆபரேஷன். அதற்கப்புறம் ஆறு மாதம் சைக்கிளைத் தொடக் கூடாது. அடுத்த மாதமோ முக்கூடல் பக்கத்திலிருந்து பதினோரு பெண்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். ஆற்றுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்ததில்லை. பார்த்தே தீர்வது என்று இந்த வயதில் சைக்கிள் பழகியிருந்தார்கள்.

முடியுமா என்று பார்த்துவர முதலில் ஒருத்தியை அனுப்பினார்கள். அவள் பெயர் செல்லத்தாய். பதினோரு பேரில் அவள்தான் மோசமாக ஓட்டுகிறவள். இவளால் முடிந்தால் எல்லோராலும் முடியும் என்பது அவர்கள் கணக்கு. கடலைப் பார்த்ததும் போன் பண்ணு, நாங்களும் கிளம்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"செல்லத்தாயும் வாரா, நானும் வாரேன். நீங்க கடைசி" என்றார் ஆவுடையக்கா. "போயி வந்தப் பொறவு சொல்லுதேன்."

இந்தத் தடவை செத்தாலும் முந்துவதில்லை என்று பெருமாள் முடிவெடுத்தார். எடுத்தபடியே நடந்தார். செல்லத்தாய் முன்னால், ஆவுடையக்கா நடுவில், பெருமாள் கடைசியில். வாய்க்காலை ஒட்டி வழி. ஒரு பக்கம் நெல், மறு பக்கம் வாழை. வளைவு வந்தால் பெருமாள் மணி அடித்தார். ஆடு குறுக்கே நின்றால் மணி அடித்தார். யாராவது எதிரே நடந்து வந்தால் மணி அடித்தார்.

செல்லத்தாய் பர்லாங்குக்கு ஒரு தடவை இறங்கி ஓரமாக நின்றாள். ஏறுவதற்கு அவளுக்கு ஒரு கல்லோ மேடோ வேண்டும். அது கிடைக்கும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். இரண்டு தடவை ஏறும்போது விழுந்தாள். முழங்கையில் ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஏறினாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பெருமாள் ஆவுடையக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவளை பஸ்ஸுல ஏத்தி அனுப்பிருவோம்க்கா."

"ஏன்?"

"பத்து அடி ஓட்டுதா, இறங்கிருதா. உக்காந்தே வேலை பாத்த உடம்பு. கடல் வரைக்கும் தாங்காது. பாவமா இருக்கு."

"நீங்க முந்தலையே?"

"சத்தியமா முந்தல. பின்னாலயேதான வாரேன்."



மூன்றாம் நாள் காலையில் வரிசை மாறியது. "இன்னைக்கு நீங்க முன்னால போங்க அண்ணாச்சி" என்றார் ஆவுடையக்கா. அவர் பின்னாலேயே தானும் கிளம்பினார். செல்லத்தாய் கடைசியில் வந்தாள்.

கொஞ்ச தூரத்தில் பின்னால் மணி அடித்தது. ஆவுடையக்கா வழி கேட்கிறார் என்று பெருமாள் இறங்கி ஒதுங்கினார். ஆவுடையக்காவும் பிரேக் பிடித்து நின்றார். பெருமாள் ஏறினார். வளைவில் மறுபடி மணி. மறுபடி இறங்கினார். வாழைத்தார் சுமந்து ஒருவர் எதிரே வந்தார், மணி. வாய்க்கால் பாலம், மணி.

ஒன்பதாவது தடவை பெருமாள் காலை ஊன்றி நின்றுவிட்டார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"போறதுன்னா போங்கக்கா. ஒதுங்கித்தான நிக்கேன்."

"நான் எங்க போகணும்?"

"அப்போ என்னத்துக்கு மணி அடிக்கீய?"

"ஆடு நின்னுச்சு."

"ஆட்டுக்கு அடிச்சா எனக்குல்லா கேக்கு. மணி கேட்டா கால் தானா இறங்குது. மனுசனை ஓட்டவே விட மாட்டேங்கீயளே."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. திரும்பிச் செல்லத்தாயைப் பார்த்தார். அவள் வாழை மரத்தைப் பார்த்தாள். முழங்கையில் காயம் கருத்திருந்தது.

பெருமாளுக்கு வெட்கமாகிவிட்டது. தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைக் கிழித்து, தன் சைக்கிள் மணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"முத நாளே சொல்லியிருக்கலாம்லாக்கா."

"சொல்லியிருந்தா மணியை விட்டிருப்பீய. வாயால ஓட்டியிருப்பீய."

அது உண்மைதான். மறுபடி கடைசியில் வந்தார். அன்று முழுக்க அவர் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. 'குழி இருக்கு', 'இடது பக்கம் ஒடி', 'லாரி வருது பாரு' எல்லாம் பல் வரை வந்தன. ஒவ்வொன்றாக விழுங்கினார். பஸ் ஓட்டின நாளில்கூட அப்படிக் களைத்ததில்லை என்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். செல்லத்தாய் சிரித்தாள். குழி அவள் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது.

நான்காம் நாள் ஏரல் வரை அவள் மூன்று தடவைதான் இறங்கினாள். மூன்றும் அவளாக இறங்கியது. கல் இல்லாமல் ஏறவும் பழகிவிட்டாள்.

ஐந்தாம் நாள் ஆவுடையக்காவின் முட்டி வீங்கிவிட்டது.

"நான் பஸ்ஸுல போயி புன்னைக்காயல்ல இருக்கேன். செல்லத்தாயைக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி."

"பொழுது சாயுறதுக்குள்ள கொண்டாந்து சேத்துருதேன்க்கா."

நேரத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் சொன்ன நேரம் அவர் தவறியதில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஆத்தூரைத் தாண்டினார்கள். கடல் இன்னும் ஏழு கிலோமீட்டர். வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக ஒரு படித்துறை வந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. செல்லத்தாய் சைக்கிளை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் உக்காந்துக்கிடட்டா?"

"உக்காரு."

அவள் கடைசிப் படிக்கு இறங்கி, தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள். பெருமாள் நான்கு படி மேலே உட்கார்ந்தார். அப்போது மணி மூன்று.

மூன்றரை ஆயிற்று. ஆறு பெரிய சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்று நினைத்தார். நான்கு ஆயிற்று. இனி கொஞ்சம் வேகமாக மிதித்தால் போதும் என்று நினைத்தார். நாலரைக்கு எழுந்து நின்றார். 'செல்லத்தாயி' என்று கூப்பிட வாய் திறந்தவர், அவள் மடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்டார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அந்தப் பத்துப் பெண்களையும் இப்படி உட்கார்ந்தே இழந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. ஆனாலும் எழுந்திருப்பதில்லை என்று படியைப் பிடித்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு அவர் போன் அடித்தது. அவள் காதில் விழாமல் இருக்க மேல்படிக்குப் போய் எடுத்தார்.

"எங்க இருக்கீய அண்ணாச்சி?"

"ஆத்தூர் தாண்டி ஒரு படித்துறையில."

"பஞ்சரா?"

"இல்லக்கா."

"விழுந்துட்டாளா?"

"இல்ல. உக்காந்திருக்கா. மூணு மணியில இருந்து."

"ஏன்னு கேட்டீயளா?"

"கேக்கல."

அந்தப் பக்கம் அலை இரைவது கேட்டது. பெருமாள் கீழே அவளைப் பார்த்தார்.

"நான் சொன்ன நேரத்துக்கு வர முடியாதுக்கா. தோத்துட்டேன். உங்களுக்கு வேற ஆளுதான் சரி. ஆனா எந்திரிக்கச் சொல்லுன்னு மட்டும் சொல்லாதீய."

"ஏன்?"

"வந்த நாள்ல இருந்து பாக்கேன். டீ குடிக்க உக்காந்தாலும் அவ விரலு சேலை ஓரத்தைச் சுருட்டிக்கிட்டேதான் கெடக்கும். பீடி சுத்துன விரலுல்லா. இப்ப மடியில சும்மா கெடக்குக்கா ரெண்டு கையும். என்னால எழுப்ப முடியாது."



"அவ எந்திரிக்கும்போது எந்திரிக்கட்டும். கடலைப் பாத்தப் பொறவு அந்தப் பத்துப் பேருக்கும் போன் போடட்டும். அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறது யாருன்னு கேப்பாக. உங்க பேரைச் சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி."