நடு வீட்டுக்கு ஆள் வேண்டும்

வாடகைக்கு வீடு விடுவதில் நாச்சிமுத்து கெட்டிக்காரர். மடத்துக்கு வருகிறவர்கள் சாமியிடம் ஞானம் கேட்பார்கள். நாச்சிமுத்துவிடம் வீட்டு விவகாரம் கேட்பார்கள். பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுது, கரண்ட் மீட்டரைத் தனித்தனியாக வை, மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் விரிசல் பார் என்று அடுக்கிக்கொண்டே போவார். கேட்டவர் யாரும் நஷ்டப்பட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவரே அன்று யோசனை கேட்டுச் சாமியின் எதிரில் வந்து உட்கார்ந்தார். சாமிக்கு வயது நாற்பது. சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு.

"என்னங்கய்யா?" என்றார் சாமி.

"நடு ஊட்டுல தையக்காரர் குமரேசன் குடியிருக்கறாருங்க. அவங்கம்மா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்குதுங்க."

"சரி."

"அதுக்கு முன்னால அவிய காலி பண்ணிட்டாத் தேவலைங்க. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

ஏன் என்று சாமி கேட்கவில்லை. நாச்சிமுத்துவே சொன்னார். அவர் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சாவு விழுந்தது. கருமாதி முடிந்து அந்தக் குடும்பம் போன பிறகு இரண்டு வருஷம் வீடு பூட்டிக் கிடந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் பக்கத்தில் விசாரித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். மில்லில் முப்பது வருஷம் உழைத்து நாச்சிமுத்து கட்டியது மூன்று வீடு. ஒன்றில் அவர் இருக்கிறார். மற்ற இரண்டின் வாடகைதான் அவருக்கும் மனைவிக்கும் சோறு, மாத்திரை எல்லாம். பயம் நியாயமானதுதான். நியாயமாக இருந்தும் அது அவரைத் தூங்க விடவில்லை.

சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க, போய்ப் பாக்கலாம்."

சொல்லக் கூசுவதைச் சாமியே சொல்லிவிடுவார் என்று நாச்சிமுத்துவுக்கு மனசு லேசானது.

குமரேசன் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் குமரேசனின் அம்மா ராமாத்தாள். பார்வை போய் ரொம்ப நாளாயிற்று. சாமி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். ஆள் உட்கார்ந்த சத்தத்துக்குக் கிழவி முகத்தைத் திருப்பினாள்.

"ஊடு பாக்க வந்தீங்களா தம்பி?"

மருமகள் பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தாள். சாமி கையமர்த்தினார்.

"ஆமாங்கம்மா."

"நல்ல ஊடு. மேக்குச் சன்னல்ல காத்து வரும். எத்தன மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது. ஓனரு ஒரு நாளும் கடுத்துப் பேசினதில்ல." மூச்சு வாங்கினாள். "பையங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். இழுக்க ஆரம்பிச்சா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருடான்னு. இங்க ஒண்ணும் நடக்காது. தைரியமா வாங்க."

நாச்சிமுத்து நிலைப்படியைத் தாண்டவில்லை. அந்த வீட்டைக் கட்டியவர் அவர்தான். உள்ளே கால் வைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

வாசல் கேட்டைத் தாண்டியதும் நாச்சிமுத்து சாமியை நிறுத்தினார்.

"நான் கெட்டவன் இல்லீங்க சாமி."

"இல்லீங்க."

"நாளைக்கு இந்த ஊட்டுக்கு யாரு வருவாங்கன்னு ஒரு பயம். அவ்வளவுதானுங்க."

"நான் வர்றனுங்க."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். சாமி விளையாடவில்லை.

"குமரேசன் எப்பக் காலி பண்ணுனாலும் சரி, மறுநா நான் வந்து பால் காய்ச்சிக்கறேன். வாடகை நீங்க சொல்றதுதான்."

"சாமி, உங்களுக்குப் போயி நான்..."

"ஒண்ணு மட்டும் முன்னாலயே பேசிக்கோணும்."

"சொல்லுங்க சாமி."

"அந்த ஊட்டுல நான் சாகலாமுங்களா?"