பூட்டிய பட்டியல்

கனகசபாபதியின் இணையதளத்தில் யார் பேரையும் தேடலாம். தேடிய பேர் அங்கே இருந்துவிட்டால் சாவு பக்கத்தில் என்று ஊரே நம்பியது. அந்தப் பேர்களை எழுதுவது ஓர் ஆவி என்பார் அவர். பேர் வந்தவர்கள் பரிகாரம் கேட்டு அவர் காலில் விழுவார்கள்.

தேடல் பட்டியல் எட்டுத் துண்டாகச் சிதறிக் கிடந்ததால் தளம் திணறியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பூங்கோதையை அவர், பரிகாரம் கேட்டு வந்திருந்த கூட்டத்தின் முன்னால் கூப்பிட்டார்.

"ஒரே துண்டா சுருக்கிடு. ஆனா ஆவி எழுதுறது நிக்கக் கூடாது."

சுருக்குவதற்கு முன் பட்டியலைப் பூட்டியாக வேண்டும். பூட்டினால் யாரும் எழுத முடியாது.

"பூட்டு மனுஷங்களுக்குத்தானே சார்," என்றாள் பூங்கோதை. "ஆவியை எது தடுக்கும்?"

கூட்டம் தலையாட்டியது. அவரும் ஆட்ட வேண்டியதாயிற்று.

அவள் ஜாவா நிரலை ஓட்டிப் பூட்டைப் போட்டாள். எல்லோரும் பெரிய திரையைப் பார்த்தார்கள். புதுப் பேர் எதுவும் வரவில்லை. கனகசபாபதி மேசைக்கடியில் மெல்லப் போனைத் தடவினார். உடனே திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: "கனகசபாபதி எழுத முயன்றார். அனுமதி இல்லை."

பேர் வந்திருந்த பெரியவர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கூட்டம் கனகசபாபதியைத் திட்டிக்கொண்டே கலைந்தது.

சுருக்கிய பட்டியலைப் பூங்கோதை பழையதோடு ஒப்பிட்டாள். புதியதில் ஒரு பேர் கூடுதலாக இருந்தது.

"என் பேரை நீதானே எழுதுன?" என்றார் கனகசபாபதி.

"பூட்டு இன்னும் திறக்கலை சார்." அவள் மேசையை விட்டு விலகி நின்றாள். "மனுஷங்க யாரும் எழுதியிருக்க முடியாது."