ஆவுடையப்பனின் செவ்வந்திப் பாத்தி

"ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, அம்மா. அதை நிறுத்தி வைக்க ஓர் உபதேசம் வேண்டும்" என்றார் ஆவுடையப்பன்.

முப்பது வருடம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். குரு திலகவதிக்கு அவருடைய மகள் வயதுதான்.

திலகவதி அவரை ஆசிரமத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். உயரமான மதிலை ஒட்டி ஒரு சிறிய பாத்தி. நடுவில் ஒற்றைச் செவ்வந்திச் செடி.

"தையில் பூக்கும். அன்றைக்குச் செடி இந்தப் பாத்திக்குள்ளேயே அடங்கியிருந்தால் உபதேசம். தாண்டிப் பரவியிருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

"இவ்வளவுதானா? லாரியையே நிறுத்தியவன் நான்."

ஆடியில், பாத்திக்கு வெளியே நான்கு கன்றுகள் தலைகாட்டின. மண்ணுக்கடியில் ஓடி வந்திருந்தன. வேரோடு பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிந்தார்.

ஆவணியில் பதினொன்று.

சுற்றிலும் கருங்கல் பதித்தார். கல்லுக்கு அடியில் புகுந்து வந்தன. பிடுங்கினார். எறிந்தார்.

"என்ன அண்ணாச்சி, சிவப்புக் கொடி காட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள், ஆசிரமத்தில் சமைக்கும் சிவகாமி.

"சிரி, சிரி. தையில் பார்ப்போம்."

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே பிடுங்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் உட்கார்ந்தபடி பிடுங்கினார்.

தை பிறந்தது. செவ்வந்தி பூத்தது.

"அம்மா, வந்து பாருங்கள்! நிறுத்திவிட்டேன்!"

திலகவதி குனிந்து, கல்லைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆமாம். ஒரு தளிர்கூட வெளியே இல்லை. பிடுங்கியதையெல்லாம் என்ன செய்தீர்கள்?"

"அந்தப் பக்கம் வீசிவிட்டேன். கல்லுடைத்துப்போட்ட வெறும் பள்ளம்தானே."

"அப்புறம் பார்த்தீர்களா?"

"குப்பையை யார் பார்ப்பார்கள்?"

திலகவதி மதிலில் ஏணியைச் சாத்தினார்.

ஆவுடையப்பன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கடைசிப் படியில் நின்றார்.

பள்ளத்தில் கல் தெரியவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மஞ்சள் செவ்வந்தி.

திடீரென்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். மதிலே அதிர்வதுபோல் சிரித்தார்.

"ஏ சிவகாமி! ஓடி வா! நான் தோற்றுப்போனேன், வந்து பாரு!"

"இறங்குங்கள்" என்றார் திலகவதி. "சொன்ன சொல் சொன்னதுதான். வந்து உட்காருங்கள். உபதேசம் தருகிறேன்."

அந்தப் பக்கம் ஆவுடையப்பன் குதிக்கும் சத்தம் கேட்டது. மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது:

"உபதேசம் இருக்கட்டும், அம்மா! இருப்பதிலேயே பெரிய கூடையாகத் தூக்கிப் போடுங்கள்!"