பாரசீகச் சிங்கத்துக்கு வந்த சாட்சிகள்

முன்னொரு காலத்தில், ஓர் ஐப்பசி திங்கட்கிழமை, உச்சிப்பொழுது மணி அடித்து ஓய்ந்த நேரம், ராஜா பாரசீகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஓசை பிடிக்கும். பத்து வருஷமாக வாசித்து வந்தவர் அரண்மனை முன்ஷி உதுமான் லெப்பை.

அன்றைய பாட்டில் ஒரு சிங்கம் வந்தது. முன்ஷி அதை "ஷேர்" என்று வாசித்தார். விருந்தாளியாக உட்கார்ந்திருந்த மிர்சா பர்ரூக் வாய்விட்டுச் சிரித்தார். நரைத்த தாடிக்காரர். பாரசீகத்திலேயே பிறந்தவர். முன்ஷி வேலைமேல் அவருக்கு ஒரு கண்.

"மகாராஜா, எங்கள் நாட்டில் பாலும் ஷீர், சிங்கமும் ஷீர். எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று. இந்த ஷேரை இவர் எந்தச் சந்தையில் வாங்கினாரோ?"

"என் வாத்தியார் சொன்னபடி சொல்கிறேன்" என்றார் முன்ஷி. "எழுத்து ஒன்றுதான். ஆனால் பால் ஷீர், சிங்கம் ஷேர். முதல் பாட்டுக் கட்டியவர்கள் அப்படித்தான் பேசினார்களாம்."

"யார் போய்க் கேட்டது?" என்றார் தளவாய். அவருக்கு விகடகவி சீராளனைக் கண்டால் ஆகாது. சீராளனுடைய சிநேகிதரான முன்ஷியையும் ஆகாது. "பத்து வருஷமாக மகாராஜா காதில் தப்பை ஊற்றியிருக்கிறார். இவரை நாடு கடத்த வேண்டும்."

ராஜாவின் முகம் மாறியது. "அவர்கள் பாட்டுக் கட்டி எத்தனை காலம்?"

"அறுநூறு வருஷம், மகாராஜா."

"சரி. அவர்களே வந்து சாட்சி சொல்லட்டும். மூன்று நாள் தவணை. வராவிட்டால் நீர் எல்லையைத் தாண்ட வேண்டியதுதான்."

சபை சிரித்தது. சீராளன் எழுந்து முன்ஷியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"கூட்டி வருகிறேன், மகாராஜா" என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

இரண்டு நாள் முன்ஷியின் வீட்டில் உட்கார்ந்து பழைய பாட்டுகளைக் கேட்டான். பொருள் புரியவில்லை. அடிகள் எப்படி முடிகின்றன என்று மட்டும் காது கொடுத்தான். அவனும் பாட்டுக் கட்டுகிறவன். இரண்டாம் நாள் அவனுக்கு ஒன்று பிடிபட்டது.

மூன்றாம் நாள் சபைக்கு நான்கு பல்லக்குகள் வந்தன. உள்ளிருந்து, பட்டில் சுற்றிய பன்னிரண்டு புத்தகங்களைச் சீராளன் ஒவ்வொன்றாக இறக்கிச் சாட்சிப் பாயில் வைத்தான்.

"அடேய், என்ன இது?"

"நீங்கள் வரச்சொன்னவர்கள், மகாராஜா. வயது அறுநூறு. நடக்க முடியவில்லை, பல்லக்கு வைத்தேன்."

"வாய் திறப்பார்களா?" என்றார் தளவாய்.

"கேட்டால் திறப்பார்கள். நம் சபையில் சாட்சியை எதிராளிதானே விசாரிக்க வேண்டும்? மிர்சா சாகிப், இந்தப் பாட்டுகளில் அடிகள் ஒரே ஓசையில் முடிய வேண்டும் இல்லையா?"

"அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"சிங்கத்துக்கு ஜோடியாக எந்தச் சொல்லை வைத்தீர்கள் என்று இவர்களைக் கேளுங்கள்."

"தீர் என்றால் அம்பு, பீர் என்றால் கிழவர். சிங்கமான ஷீரோடு இரண்டும் சேரும். நூறு இடத்தில் காட்டுவேன்."

"ஒரே ஒரு இடம் போதும். காட்டிவிட்டால் நானும் முன்ஷியோடு எல்லையைத் தாண்டுகிறேன்."

அந்தப் புத்தகங்களில் பாட்டுகள் கடைசி எழுத்தின் வரிசையில் இருக்கும். தேடுவது சுலபம். மிர்சா முதல் புத்தகத்தைப் புரட்டினார். சிங்கம் இருந்தது. பக்கத்தில் அம்பு இல்லை. தாமதம் என்ற சொல் இருந்தது, வீரன் என்ற சொல் இருந்தது. முன்ஷி ஷேரைப் போலவே தேர், திலேர் என்று வாசிக்கும் சொற்கள். பாலும் இருந்தது, வேறு பாட்டில், அம்போடும் கிழவரோடும். இரண்டாவது புத்தகம். மூன்றாவது. ஏழாவதில் அவர் விரல் மெதுவாகப் போயிற்று. பன்னிரண்டாவதையும் புரட்டி முடித்தார். பன்னிரண்டு புலவர்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு காலம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சொல்லி வைத்தாற்போல் ஒரே சாட்சி.

மிர்சா தலை நிமிர்ந்தார்.

"ஒருவர்கூடச் சேர்க்கவில்லை, மகாராஜா. அவர்கள் காதில் இரண்டும் வேறு. முன்ஷி சொன்னதுதான் சரி. நாங்கள் அந்த ஓசையைத் தொலைத்துவிட்டோம். தொலைத்தது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறோம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "செத்தவர்களைக் கூட்டி வா என்றேன், பல்லக்கில் கூட்டி வந்துவிட்டானே!" தம் முத்துமாலையைக் கழற்றிச் சீராளன் கழுத்தில் போட்டார். முன்ஷிக்குச் சால்வை. தளவாய் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிர்சா கடைசிப் புத்தகத்தை இரண்டு கையாலும் மூடினார். எழுந்து வந்து முன்ஷியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"முன்ஷி சாகிப், எங்கள் சிங்கத்தை இன்னொரு தரம் சொல்லுங்களேன்?"