தணிகாசலம் சாரின் கண்

கடலோர ஊர் ஒன்றின் கல்லூரியில் உயிர்வேதியியல் துறைத் தலைவராக இருந்தவர் தணிகாசலம். திரவத்தின் நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை அவர் பூட்டியே வைத்திருந்தார். படிப்பு முடியப் போகிறது, மாணவர்களில் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை.

ஜெசிந்தா என்ற மாணவி துணிந்து போய்ச் சாவி கேட்டாள்.

"மெஷின் எதுக்கும்மா? எச்சில்ல இருக்கிற நொதி மாவுச்சத்தை உடைச்சா, அயோடின் போட்ட நீலம் வெளுக்கும். எவ்வளவு வெளுத்திருக்குன்னு என் கண்ணே சொல்லிடும். என் கண்ணைத் தோற்கடி, சாவி தர்றேன்."

மறுநாள் வகுப்பில் அவள் மூன்று சோதனைக் குழாய்களை நீட்டினாள். மூன்றிலும் நீலம்.

"எதுல நொதி நல்லா வேலை செஞ்சிருக்கு சார்?"

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல நல்லா. இதுல சுமார். இதுல ஒண்ணுமே நடக்கல" என்று அடித்துச் சொன்னார்.

"மெஷின்லயும் ஒரு தடவை பார்த்துடலாமா சார்?"

"தாராளமா!" என்று அவரே பூட்டைத் திறந்தார். மூன்றுக்கும் ஒரே எண் வந்தது.

"மூணும் ஒரே பீக்கர்ல இருந்து ஊத்தினது சார். எதுலயும் எச்சிலே சேர்க்கல."

அவர் முகம் சிவந்தது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாவியை அவள் கையில் வைத்தார்.

அன்று மதியம் மெஷினைச் சுற்றி ஒரே கூட்டம். நொதி வேலை செய்யச் செய்ய எண் இறங்குவதைப் பார்த்து மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு தணிகாசலம் ஒரு குழாயோடு வந்தார்.

"இதுல என் எச்சில் இருக்கு. யாரோடது வேகம்னு பார்த்துடலாம், வாங்க!"