அழித்து அழித்து எழுதிய விண்ணப்பம்

அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய அன்று கேட்டில் சங்கிலி சுற்றிய சத்தம், முப்பது வருஷமாகத் திருமேனியின் காதுக்குள்ளேயே கிடந்தது. அப்போது அவருக்கு எட்டு வயது. அப்பாவுக்கு அந்த மில்லின் ஒரே ஒரு இயந்திரம் மட்டும்தான் தெரியும். பிறகு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

திருமேனி இப்போது பம்பு கம்பெனியில் ஃபிட்டர். டிப்ளமா படித்தவர். மாலைநேரப் பொறியியல் பட்டத்துக்கு விண்ணப்பம் கொடுக்க இன்று ஐந்து மணி கடைசி.

நுழைவுத் தேர்வுக்கு அவருக்குக் கணக்குச் சொல்லித்தந்த சுடர்மதி, அவரைவிட ஒன்பது வயது இளைய கல்லூரி ஆசிரியை. கல்லூரிப் பட்டறையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மெக்கானிக்கலா, மெக்கட்ரானிக்ஸா? நீங்களே சொல்லிடுங்க மேடம்.”

திருமேனி விண்ணப்பத்தை நீட்டினார். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, பாடப்பிரிவுக் கட்டத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது.

“எலி கடிச்ச மாதிரி இருக்குங்ணா. மனசு எதைக் கேக்குது?”

“மெக்கட்ரானிக்ஸ்தானுங்க. தானா ஓடற மெஷினைப் பார்த்தா எனக்குச் சோறு தண்ணி மறந்துடும். ஆனா நாளைக்கு அது வேண்டாம்னுட்டாங்கன்னா? எங்கப்பன் கதிதானே? மெக்கானிக்கல்னா எங்கயாவது ஒட்டிக்கலாம்.”

“ஒட்டிக்கிட்டவங்களைப் பார்த்திருக்கீங்களா?”

“எங்க சூப்பர்வைசர். பிடிக்காமலே ஒட்டிக்கிட்டவரு. தினம் தலைவலி மாத்திரை போடுவாரு. அதுவும் பயமாத்தானுங்க இருக்கு.”

சுடர்மதி சிரிக்கவில்லை. கைவிளக்கை அவரிடம் கொடுத்தார்.

“இதைப் பிடிங்க.”

பிடித்தார். பம்புக்குள் வெளிச்சம் விழுந்தது.

“நீங்க என்ன படிச்சீங்க மேடம்?”

“புரொடக்‌ஷன். மெக்கானிக்கல்ல ஒரு கிளை. பாடம் எடுக்கறதும் அதுலதான். இந்த வருஷம் நாலே பேர் சேர்ந்தாங்க. பிரிவையே மூடப் போறாங்களாம்.”

“அப்புறம் நீங்க?”

“தெரியலைங்ணா.”

“பயமா இல்லீங்களா?”

“இருக்கு.”

சுடர்மதி குனிந்து பம்பின் பேரிங்கை விரலால் தடவினார்.

“ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. ஏன்னு பார்க்கணும். விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க.”

கொண்டுபோனார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திருமேனி பேனா கேட்டார். ஓட்டைக்குப் பக்கத்தில் மெக்கட்ரானிக்ஸ் என்று எழுதினார். பயம் போகவில்லை; தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

அடுத்த ஜூனில் புரொடக்‌ஷன் பிரிவை மூடினார்கள். சுடர்மதி உடுமலையில் ஒரு பள்ளிக்கு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கப் போனார்.